காலி பண்ணின வீட்டின் விலாசம்

என் லேப்டாப்பில் இருந்த நாலு லினக்ஸ் சிஸ்டங்களில் ஒன்றான உபுண்டுவை அழிப்பதற்கு முன்னால் அதை ஒரு தடவை அப்டேட் பண்ணினேன். ஏன் பண்ணினேன் என்று கேட்டால் இன்று வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரு வருஷமாகத் திறக்காத சிஸ்டம். உள்ளே கிடந்த நாலைந்து ஃபோல்டரைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு அது இருந்த பார்ட்டிஷனையே, அதாவது டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கின பகுதியையே, தூக்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். உள்ளே போனதும் அப்டேட் இருக்கிறது என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது, கை தன்னாலே அமுக்கிவிட்டது. காலி பண்ணப் போகிற வீட்டைக் கூட்டிப் பெருக்கி, வாசலில் கோலமும் போட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி.

அப்புறம் இன்னொரு லினக்ஸான மின்ட்டுக்குள் வந்து, பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கிற ஜிபார்ட்டெட்டைத் திறந்து உபுண்டு இருந்த 60 ஜிபி பார்ட்டிஷனை அழித்தேன், அந்த இடத்தில் போட்டோக்களுக்கு என்று புதிதாக ஒன்றைப் போட்டேன், அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஆன் பண்ணினால் கறுப்புத் திரை. மேலே பொடி எழுத்தில் குனு கிரப், வெர்ஷன் 2.06 என்று ஒரு வரி (ஆன் பண்ணினதும் எந்த சிஸ்டத்துக்குள் போவது என்று மெனு காட்டி அதை எழுப்பிவிடுகிற பூட் லோடர்தான் கிரப்), அதன் கீழே பாஷ் மாதிரி கொஞ்சம் லைன் எடிட்டிங் செய்துகொள்ளலாம் என்று ஓர் அனுமதி, அதன் கீழே 'கிரப்>' என்று ஒரு கண் சிமிட்டல். மெனு கிடையாது, மின்ட் கிடையாது, டெபியன் கிடையாது, ஃபெடோராவும் கிடையாது. செமஸ்டர் லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "இதுக்குத்தான் மூணு லினக்ஸ் வச்சிருக்கீங்களா மாமா?"

மூன்று எதற்கு என்று நிறையப் பேர் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு டெபியன், ஏனென்றால் அது ரெண்டு வருஷத்துக்கு அசையாது. வீட்டில் மற்றவர்கள் தொடுவதற்கு மின்ட். வேடிக்கை பார்க்க ஃபெடோரா, புதுசாக எது வந்தாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். விர்ச்சுவல் மெஷினில் போடலாமே என்பவர்களுக்கு: என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான், அதில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியில் பிரவுசர் திறந்து பாருங்கள், தெரியும்.

சரி, அந்தக் காலைக்கு வருவோம். (கட்டளைகளை நம் எழுத்திலேயே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

கிரப் ப்ராம்ப்டைப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்று பதறுவோம். உண்மையில் அது பாதிக் கிணறு தாண்டின நிலைமை. கிரப் எழுந்துவிட்டது, தன் மெனுவைத்தான் காணோம் என்கிறது. இதைவிட மோசமானது 'கிரப் ரெஸ்க்யூ>' என்று வருவது. அங்கே பெரும்பாலான கட்டளைகளே கிடையாது. ரூட் (எந்தப் பார்ட்டிஷன்) எது, ப்ரிஃபிக்ஸ் (கிரப்பின் ஃபோல்டர்) எது என்று நாம் சொல்லிக்கொடுத்து, 'இன்ஸ்மாட் நார்மல்' என்று அடித்து, அதன் பிறகு 'நார்மல்' என்று அடித்தால்தான் சாதாரண நிலைக்கே வரும். எனக்கு வந்தது முதல் வகை. 'எல்எஸ்' என்று அடித்தால் டிஸ்க்கையும் பார்ட்டிஷன்களையும் அடைப்புக்குறிக்குள் வரிசையாகக் காட்டும்: எச்டி0, பிறகு எச்டி0 காற்புள்ளி ஜிபிடி1, ஜிபிடி2 என்று. டிஸ்க்குக்கு எண் சுழியத்தில் தொடங்கும், பார்ட்டிஷனுக்கு ஒன்றில் தொடங்கும். பழைய கிரப்பில் ரெண்டுமே சுழியம்தான், அதனால் அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் ஒரு எண் தள்ளியே அடிப்பார்கள், நானும் அடித்தேன். லினக்ஸுக்குள் என்விஎம்இ என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கும் டிஸ்க்கும் இங்கே வெறும் எச்டிதான். பென் டிரைவ் செருகியிருந்தால் அதுவே எச்டி0 ஆகிவிடவும் கூடும், முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்துக் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு எல்எஸ் அடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும். சாய்கோடு போடாமல் அடித்தால் அது எந்த வகை ஃபைல்சிஸ்டம், அதன் யுயுஐடி (ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உள்ள தனி அடையாள எண்) என்ன என்று மட்டும் சொல்லும். இந்த ஒரு கோட்டுக்காக நான் பத்து நிமிஷம் முழித்திருக்கிறேன். சரி, உள்ளே காட்டியாயிற்று, பூட், எட்ஸி, ஹோம், யூஎஸ்ஆர் என்று வருகிறது. ஆனால் டெபியனும் அதையேதான் காட்டும், மின்ட்டும் அதையேதான் காட்டும், எது எவர் வீடு? அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிரப்புக்குள் 'கேட்' கட்டளை வேலை செய்யும். எட்ஸி ஃபோல்டரில் 'இஷ்யூ' என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும், அதைக் கேட் பண்ணினால் முதல் வரியிலேயே லினக்ஸ் மின்ட் என்றோ டெபியன் என்றோ பெயர்ப்பலகை தெரியும்.

வீடு தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் நான் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். 'லினக்ஸ்' என்று அடித்து கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஃபைலின் முழுப் பெயரையும் டேப் அமுக்கி அமுக்கி நிரப்பி, ரூட் எது என்று கொடுத்து, 'பூட்' அடித்தேன். திரை முழுக்க வரிகள் ஓடிக் கடைசியில் கெர்னல் பேனிக், 'அன்நோன் பிளாக், சுழியம் காற்புள்ளி சுழியம்' என்று நின்றது. இந்த வாசகம் வந்தால் பத்துக்கு எட்டு தடவை காரணம் ஒன்றுதான்: 'இனிட்ஆர்டி' வரியை விட்டிருப்போம். டிஸ்க்கைத் தொடுவதற்கு வேண்டிய டிரைவர்களெல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கின்றன. அதைக் கையில் கொடுக்காமல் கெர்னலை அனுப்பினால் அது எந்தக் கதவைத் தட்டும்? மறுபடி அணைத்து, மறுபடி ஆன் பண்ணி, மறுபடி எல்லாவற்றையும் அடித்து, இந்தத் தடவை எழுத்துப் பிழை. இப்படியே ஒரு மணி நேரம்.

அவ்வளவும் வேண்டியதே இல்லை. மின்ட்டின் பழைய மெனு ஃபைல் அதன் வீட்டுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. 'கான்ஃபிக்ஃபைல்' என்று அடித்து, பார்ட்டிஷன் பெயர், அதையொட்டி பூட் ஃபோல்டர், அதற்குள் கிரப் ஃபோல்டர், அதற்குள் கிரப்.சிஎஃப்ஜி என்று பாதையைக் கொடுத்து என்டர் தட்டினால் பழகிய மெனு அப்படியே வந்து நிற்கும். ஒரே வரி. அதைக் கண்டுபிடித்து நான் நிமிரும்போது அக்கா மகன் ரெண்டாவது காபியோடு வந்தான். "எஃப்12 அமுக்கிப் பாத்தீங்களா மாமா?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் லேப்டாப்பின் சொந்த பூட் மெனுவில் டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்று மூன்று பெயர் வந்திருக்கும், டெபியனைத் தேர்ந்தெடுத்து முப்பது விநாடியில் உள்ளே போயிருக்கலாம்.

அந்த மூன்று பெயரில் மின்ட் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கோளாறின் வேரே அங்கேதான். லேப்டாப்பை ஆன் பண்ணினதும் முதலில் ஓடுகிற பழைய பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வந்த பிறகு டிஸ்க்கில் ஃபேட்32 வகையில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும், இஎஸ்பி என்போம். ஒவ்வொரு லினக்ஸும் அதில் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுத் தன் பூட் லோடரை வைத்துக்கொள்ளும். டெபியனுக்கு டெபியன் என்ற ஃபோல்டர், ஃபெடோராவுக்கு ஃபெடோரா என்ற ஃபோல்டர். மின்ட் மட்டும் உபுண்டுவின் மேல் கட்டின வீடு என்பதால் அதுவும் 'உபுண்டு' என்ற ஃபோல்டரிலேயே எழுதும். ஆக ஒரே டிஸ்க்கில் உபுண்டுவும் மின்ட்டும் இருந்தால் ரெண்டு பேருக்கும் ஒரே தபால் பெட்டி. அந்த ஃபோல்டருக்குள் ஒரு குட்டி கிரப்.சிஎஃப்ஜி இருக்கும், மொத்தமே மூன்று வரி: இந்த யுயுஐடி உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அதற்குள் பூட்/கிரப் ஃபோல்டருக்குப் போ, அங்கே இருக்கிற பெரிய மெனுவைப் படி. எவர் கடைசியாக எழுதினாரோ அவர் வீட்டு யுயுஐடிதான் அதில் இருக்கும். ஞாயிறு ராத்திரி நான் பண்ணின அப்டேட்டில் கிரப் பேக்கேஜும் வந்திருக்கிறது, அது போகிற போக்கில் தன் விலாசத்தை அந்தப் பெட்டியில் எழுதிவிட்டது. அடுத்த பத்தாவது நிமிஷம் நான் வீட்டையே இடித்துவிட்டேன்.

சரிசெய்வது சுலபம்தான். கான்ஃபிக்ஃபைல் வழியாக மின்ட்டுக்குள் போய் டெர்மினலில் 'சூடோ கிரப்-இன்ஸ்டால்', அப்புறம் 'சூடோ அப்டேட்-கிரப்'. ஃபோல்டரின் பெயரை மாற்றி மின்ட் என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. உபுண்டுவின் கையெழுத்துப் போட்ட கிரப்புக்குள்ளேயே அந்த ஃபோல்டர் பெயர் பதிந்திருக்கிறது. பெட்டியை எங்கே மாற்றி வைத்தாலும் அது பழைய ஃபோல்டரிலேயே போய் விலாசம் தேடும்.

பழைய காலம் இதைவிடச் சண்டைக்காடாக இருந்தது. யுஇஎஃப்ஐ-க்கு முன்னால் எல்லோருக்கும் சேர்த்து டிஸ்க்கின் முதல் செக்டர் ஒன்றுதான், 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, ரெண்டு பைட் முத்திரைக்கு, மீதி 446 பைட்டில் பூட் லோடரின் முதல் துண்டு உட்கார வேண்டும். இன்னொரு சிஸ்டத்தைப் போட்டால் அது முன்னவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். லிலோ என்று ஒரு பூட் லோடர் இருந்தது, ஆன் பண்ணினதும் எல், ஐ, எல், ஓ என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தாக அடிக்கும், எந்த எழுத்தோடு நிற்கிறதோ அதை வைத்து எங்கே மாட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஃபைல்சிஸ்டம் தெரியாது, கெர்னல் டிஸ்க்கில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்களைத்தான் குறித்து வைத்திருக்கும், அதனால் கெர்னலை மாற்றிவிட்டு லிலோ கட்டளையை ஓட்ட மறந்தால் அம்போ. பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த சிடியில் லினக்ஸ் போட்ட தலைமுறைக்கு 'எல்ஐ' என்று நிற்கிற திரை கெட்ட கனவில் வரும். நம் ஊரில் அதற்கு அடுத்த தலைமுறை பூட் மெனுவை முதலில் பார்த்தது பெரும்பாலும் 2011-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப்பில்தான், விண்டோஸும் போஸ் லினக்ஸும் சேர்த்து வந்த அந்த லேப்டாப். எங்கள் அக்கா மகள் பிளஸ் டூவில் வாங்கிவந்தாள். அதில் விண்டோஸ் எதுவென்று தேடி அம்பைக் கீழே இறக்கக் கற்றுக்கொண்டதுதான் அவள் லினக்ஸைப் பற்றிக் கற்ற முதல் பாடமும் கடைசிப் பாடமும்.

இப்போது நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். கொத்துச் சாவி, அதாவது எல்லோரையும் காட்டுகிற பூட் மெனு, ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், மற்றவர்களிடம் அவரவர் அறைச் சாவி போதும். கொத்துச் சாவியை டெபியனிடம் கொடுத்தேன், ஏனென்றால் அதன் ஃபோல்டர் யாரோடும் மோதாது, கிரப் அப்டேட்டும் அபூர்வமாகத்தான் வரும்.

இந்த இடத்தில்தான் ஓஎஸ்-ப்ரோபரோடு எனக்குப் பகை. அப்டேட்-கிரப் ஓட்டும்போது அது எல்லாப் பார்ட்டிஷனையும் மோப்பம் பிடித்து, அங்கே இருக்கிற மற்ற லினக்ஸ்களின் மெனு வரிகளை எடுத்துத் தன் மெனுவில் காப்பி அடித்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அன்றைய தேதிக் காப்பி. நாளைக்கு மின்ட்டுக்குப் புது கெர்னல் வந்து பழையது கழிந்தால் டெபியனுக்கு அது தெரியாது, பழைய டைரியில் எழுதி வைத்த போன் நம்பர் மாதிரி, அழைத்தால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று வரும். மஞ்சாரோ லினக்ஸ் போட்டவர்கள் இன்னொரு கூத்தும் பார்த்திருப்பார்கள், அதன் இனிட்ஆர்டி வரியில் மைக்ரோகோட் ஒன்று, இனிட்ராம்எஃப்எஸ் ஒன்று என்று ரெண்டு ஃபைல் இருக்கும், காப்பி அடிக்கும்போது ரெண்டாவது விட்டுப்போய் அதே சுழியம் காற்புள்ளி சுழியம் பேனிக்கில் போய் நிற்கும். 2021-ல் வந்த கிரப் 2.06 பாதுகாப்புக் காரணம் சொல்லி ஓஎஸ்-ப்ரோபரை இயல்பாகவே அணைத்துவிட்டது. விண்டோஸ் மெனுவிலிருந்து காணாமல் போய்விட்டது என்று எல்லோரும் புலம்பியபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். வேண்டும் என்பவர்கள் எட்ஸி/டீஃபால்ட்/கிரப் ஃபைலில் 'கிரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு) என்ற வரிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

நான் கையாலேயே எழுதிவிட்டேன். எட்ஸி/கிரப்.டி ஃபோல்டரில் 40 அடிக்கோடு கஸ்டம் என்று ஒரு ஃபைல் இருக்கிறது, நம் சொந்த மெனு வரிகளுக்கென்றே விட்ட திண்ணை. அதன் தலையில் இருக்கும் 'எக்ஸெக் டெயில்' வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள், சும்மா கிடக்கிறதே என்று நான் அழித்து, அப்டேட்-கிரப் கத்தின பிறகுதான் அது எதற்கு என்று தெரிந்தது. ஃபோல்டருக்குள் இருப்பவை எண் வரிசைப்படி ஓடும். டெபியனின் சொந்தக் கெர்னல்கள் 10-ல், ஓஎஸ்-ப்ரோபர் 30-ல். என் வரிகள் மெனுவில் மேலே வர வேண்டும் என்பதால் அந்தக் கஸ்டம் ஃபைலை 06 என்று எண் போட்டுக் காப்பி பண்ணி அதில் எழுதினேன்.

மின்ட்டுக்கு எழுதினது ரெண்டே ரெண்டு வேலை: இன்ன யுயுஐடி உள்ள பார்ட்டிஷனைத் தேடி அதை ரூட்டாக வை, பிறகு அதன் கிரப்.சிஎஃப்ஜியைக் கான்ஃபிக்ஃபைல் கட்டளையால் திற. அன்றைக்குக் காலையில் கையால் அடித்த அதே வரிதான். மின்ட்டில் கெர்னல் வரட்டும் போகட்டும், அதன் மெனுவை அதுவே எழுதிக்கொள்ளும், டெபியன் வாசலைக் காட்டுவதோடு சரி. யுயுஐடிக்கு 'சூடோ பிஎல்கேஐடி' அடித்தால் போதும்.

ஃபெடோராவுக்கு இந்த வித்தை பலிக்கவில்லை. 2019-ல் வந்த ஃபெடோரா 30-லிருந்து அது கெர்னல் வரிகளை மெனு ஃபைலுக்குள் எழுதுவதில்லை. பூட் ஃபோல்டரில் 'லோடர்', அதற்குள் 'என்ட்ரீஸ்' என்று வைத்து ஒரு கெர்னலுக்கு ஒரு சின்ன ஃபைலாகப் போட்டுவிடும். அதைப் படிக்கிற புத்தி ஃபெடோராவின் கிரப்புக்கு உண்டு, என் டெபியனின் கிரப்புக்குக் கிடையாது. ஆகவே அங்கே மெனுவைத் திறக்காமல் ஆளையே கூப்பிட வேண்டும்: இஎஸ்பி-யைத் தேடி, அதில் ஃபெடோரா ஃபோல்டருக்குள் இருக்கும் இஎஃப்ஐ ஃபைலைச் 'செயின்லோடர்' கட்டளையால் எழுப்புவது. டெபியனின் கிரப் ஒதுங்கிக்கொள்ள, ஃபெடோராவின் கிரப் வந்து உட்காரும். இஎஸ்பி-யின் யுயுஐடி மற்றதைப் போல நீளமாக இருக்காது, எட்டே எழுத்து, நடுவில் ஒரு கோடு. முதல் தடவை பார்த்து, பாதிதான் காப்பி ஆகியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் காப்பி அடித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும், என் லேப்டாப்பில் சீக்யூர் பூட், அதாவது நம்பின கையெழுத்து உள்ளதை மட்டும் எழவிடுகிற காவல், அணைத்திருக்கிறது. போட்டிருந்தால் மின்ட்டுக்கு எழுதின வழி வேலை செய்யாது, டெபியனின் ஷிம் (கையெழுத்தைச் சரிபார்க்கிற முதல் துண்டு) உபுண்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட கெர்னலை நம்பாமல் 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று திருப்பி அனுப்பிவிடும். அணைக்க மனமில்லாதவர்கள் இந்த வம்பே இல்லாமல் எஃப்12-லேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ரீஃபைண்ட் என்ற பூட் மெனுவைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அதுவே தேடி அழகாக ஐகான் போட்டுக் காட்டும் என்று அக்கா மகன் சொல்கிறான். உண்மைதான். எனக்கு ஐகான் ஒத்துவரவில்லை, வயசு.

எந்த லினக்ஸைப் புதிதாகப் போட்டாலும் அது தன்னையே முதல் ஆளாகப் பதிந்துகொள்ளும். 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளையை வெறுமனே அடித்தால் யார் யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள், வரிசை என்ன என்று தெரியும், சின்ன ஓ கொடுத்து வரிசையை மாற்றலாம். சில லேப்டாப்கள் இந்த வரிசையைப் பேட்டரி தீர்ந்ததும் மறந்துவிடும், என்னிடம் முன்பு இருந்த ஒன்று அப்படித்தான். அதற்கு மருந்து, இஎஸ்பி-யில் 'பூட்' ஃபோல்டருக்குள் பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயரில் ஒரு பிரதி வைப்பது. எல்லாம் மறந்துபோன லேப்டாப்பும் கடைசியில் அங்கே வந்து கதவைத் தட்டும்.

ராம் போதாதபோது டிஸ்க்கில் கைகொடுக்கிற ஸ்வாப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, அது பூட் லோடர் வேலை இல்லை என்றாலும் பழி அதன் மேல்தான் விழும். மூன்றுக்கும் ஒரே ஸ்வாப் போதும் என்று வைத்திருந்தேன். டெபியனைப் புதிதாகப் போட்டபோது அதன் இன்ஸ்டாலர் ஸ்வாப்பை ஃபார்மட் பண்ணிப் புது யுயுஐடி கொடுத்துவிட்டது. மின்ட்டோ எட்ஸி/எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய யுயுஐடியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஒன்றரை நிமிஷம் வாசலில் காத்திருக்கும். கிரப்பில்தான் ஏதோ கோளாறு என்று ரெண்டு நாள் அதையே நோண்டினேன், கடைசியில் இதுவும் விலாசப் பிரச்சினைதான், பிஎல்கேஐடியில் பார்த்து எஃப்எஸ்டேபில் ஒரு வரி மாற்றினதும் தீர்ந்தது. பொதுவான ஸ்வாப் இருந்தால் ஹைபர்னேட் பக்கமே போகாதீர்கள். ஒன்று தூங்கும்போது தன் ராமை அங்கே கொட்டி வைத்திருக்கும், இன்னொன்று எழுந்து அதன் மேலேயே எழுதும்.

எல்லாம் முடிந்து மெனு வந்தது: மின்ட், ஃபெடோரா, டெபியன். மின்ட்டைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே மின்ட்டின் சொந்த மெனு ஒரு தடவை வந்து மறுபடி காத்திருந்தது, மின்ட்டில் ஓஎஸ்-ப்ரோபரை அணைத்து அதன் மெனுவை மறைத்த பிறகு நேராகப் போனது. முதலில் டெபியனை டீஃபால்ட்டாக வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அம்மா ஹாலிலிருந்து கூப்பிட்டார். "டேய், என் படமெல்லாம் காணோம்டா. என்னமோ வேற ஒண்ணு வந்துருக்கு." நல்லவேளை எதையும் அமுக்கவில்லை. அன்றைக்கே டீஃபால்ட்டை மின்ட் என்று மாற்றினேன், எண் கொடுத்தால் கெர்னல் வந்துபோகும்போது நகர்ந்துவிடும் என்று மெனுவில் இருக்கும் பெயரையே மேற்கோள் குறிக்குள் கொடுத்தேன், நேரம் பத்து விநாடி. டெபியன் வேண்டுமென்றால் அதற்குள் நான் அம்பைக் கீழே இறக்க வேண்டும்.

இன்று காலையும் ஆன் பண்ணிவிட்டு டம்ளரை எடுக்க அடுக்களைக்குப் போய்த் திரும்பினேன், மின்ட் வந்து பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டிருந்தது.